இடையில் வந்த தாள்

என் திரையில் அது அழகாகத்தான் இருந்தது.
ஏழு ஆவணங்கள், ஏழு சிறுபடங்கள்,
சீட்டுக்கட்டை விசிறிப் பிடித்ததுபோல்.
ஓரத்தில் நீலப் பொத்தான்.
அதன் நிழலுக்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்திருந்தேன்.

"போய்ப் பார்த்துவிட்டு வா," என்றான் ஹாவ் ரென்,
நிரல் எழுதுகிறவன், நிழல்களை நம்பாதவன்.

சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கு, மூன்றாம் மாடி,
இரவு ஒன்பதே கால்.
ருஹானாவின் மேசையில் ஆறிப்போன தே ஓ கோசோங்.
விலைப்பட்டியல், பொதிப்பட்டியல்,
விமானச் சரக்குச் சீட்டு, பிறப்பிடச் சான்று,
ஒவ்வொன்றாகத் திறக்கிறாள், அச்சிடுகிறாள், மூடுகிறாள்.
மூன்று பிரதி, ஒரு பக்கம் போதும், ஆம், ஆம்
என்று ஏழு முறை அதே பதில்,
மறதிக்கார அதிகாரியிடம் சொல்வதுபோல்.
பிறகு எழுந்து ஓடுகிறாள்.

இயந்திரத்தின் முன்னால் கைகட்டி நிற்கிறாள்,
கோயில் வாசலில் செருப்புக்குக் காவல்போல.
ஏன் நிற்க வேண்டும் என்றேன்.
"நடுவில் யாராவது புகுந்துவிடுவார்கள்."

போன வருடம் அப்படித்தான் புகுந்தது
நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில்
யாரோ ஒரு பிள்ளையின் பின்னக் கணக்கு,
தொடக்கநிலை ஐந்து.
சேர்த்துத் தைத்து, முத்திரை குத்தி,
வால்வுப் பெட்டிகளோடு சுராபாயாவுக்கு ஏறிவிட்டது.
பெட்டிகள் பதினோரு நாள் சுங்கத்தில் கிடந்தன.
தாள் திரும்பி வந்தபோது
நான்காம் கேள்விக்கு யாரோ பென்சிலால்
விடை எழுதியிருந்தார்கள்:
எட்டில் மூன்று.
"சரியான விடைதான்," என்றாள் ருஹானா.
கீழே லாரியில் அந்தோணிதாஸ் ஹாரன் அடித்தார்.

தானா மேராவில் ரயில் மாறுவதற்குள்
விசிறியை அழித்தேன். நிழலையும்.
மிஞ்சியது ஒரு பட்டியல்,
விரலால் இழுத்து மேலே கீழே மாற்றலாம்.
எத்தனை பிரதி என்று ஒரே ஒரு முறை கேட்கும்.
எல்லாம் ஒரே வேலையாகப் போகும்,
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல்.

ஆறாவது கோப்பு திறக்காவிட்டால்?
முழுவதையும் நிறுத்துவதா,
அதை விட்டுவிட்டு மற்றதை அனுப்புவதா?
புதன்கிழமை முழுக்க ஹாவ் ரென்னோடு சண்டை.
மீ கோரெங் வந்து, ஆறி, அப்புறமும் சண்டை.
நிறுத்து, என்றேன்.
ஏழில் ஒன்று குறைந்த கட்டு
கையில் எடுத்தால் முழுதுபோலவே இருக்கும்.

இதற்கிடையில் தமிழ்ப் பதிப்பு வந்து சேர்ந்தது,
யாரும் படித்துப் பார்க்காமல் அனுப்பிய தமிழ்.
'ஆவணங்களை ஒரே உத்தியோகத்தில் அமர்த்து.'
ஸ்டேப்பிள் இருக்க வேண்டிய இடத்தில்
'பிரதான உணவு: மேல் இடது மூலை.'
சிரித்தேன்.
அடுத்த திரையில் சிரிப்பு வரவில்லை.
சம்பளத்தில் சேராத ஒரு சனிக்கிழமை
உட்கார்ந்து திருத்தினேன்.
பொத்தானில் 'சேர்த்து அச்சிடு' என்று மட்டும் வைத்தேன்.
இரண்டு சொல். எவ்வளவு நேரம் ஆனது என்றால்
நம்ப மாட்டீர்கள்.

சோதனை நாள். அதே மாடி, அதே தே ஓ.
ருஹானா ஏழையும் தொட்டாள், மூன்று என்றாள்,
ஒரு முறை அழுத்தினாள்.
உட்கார்ந்தே இருப்பாள் என்று நினைத்தேன்.
எழுந்து போனாள்.
ஓடவில்லை, அவ்வளவுதான்.

மூன்று கட்டுகள், மூலையில் கம்பி தைத்து,
இட்லித் தட்டுபோல் சூடாக.
நடுவில் யாரும் வரவில்லை.
இயந்திரம் ஒரு மூச்சு நின்றது.
பிறகு தனியாக இன்னொரு தாளைத் தள்ளியது:
விகிதக் கணக்கு, தொடக்கநிலை ஆறு.

அவள் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்,
என்னைப் பார்க்காமல்.
நான் குறிப்பேட்டில்
வரிசை சரி
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.